குலுக்கினால் சத்தம் கேட்க வேண்டும்

எங்கள் வாசிகசாலைச் சுவரில் இளைஞர்கள் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். விலை குறைந்த ஒரு நல்ல டோர்ச் லைற்றில் என்னென்ன இருக்க வேண்டும் என்பது தலைப்பு. கடைகளில் இப்போது விதம்விதமான வெளிநாட்டு டோர்ச்சுகள் குவிந்து கிடக்கின்றன. ஒருவன் வாங்கியதை மற்றவன் பழிக்கிறான். சதுரங்கப் பலகையைக்கூட ஒதுக்கிவிட்டு இதையே கதைக்கிறார்கள். அந்தச் சண்டைக்கு ஒரு முடிவு கட்டத்தான் தாள்.

பதினொரு அம்சம் எழுதியிருந்தார்கள். பனை உயரத்துக்கு அடிக்க வேண்டும். வெளிச்ச வட்டத்தின் நடுவில் கறுப்புப் பொட்டு விழக்கூடாது. மழையில் நனைந்தாலும் எரிய வேண்டும். மேசையில் வைத்தால் உருளக்கூடாது. சைக்கிளில் தொங்கவிட ஒரு வளையம். மூடிக்குள் ஒரு உபரி பல்ப். ஈரக் கையாலும் தள்ளக்கூடிய சுவிச். இப்படியே போகிறது. எல்லாம் நியாயமானவை. நான் பேனாவை எடுத்துப் பன்னிரண்டாவதாக, “குலுக்கினால் சத்தம் கேட்க வேண்டும்” என்று எழுதிவிட்டு வந்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால் அந்த வரியின் மேல் கோடு கீறியிருந்தது.

“அண்ணை, நீங்கள் பகிடிக்கு எழுதினியள் எண்டு வெட்டிப் போட்டம்” என்றான் செயலாளர் யோகன். “உங்களிட்டை ஒரு கட்டுரை கேட்டனாங்கள். பகிடியை விட்டிட்டு அதை எழுதித் தாங்கோ.”

அவனைக் குறை சொல்ல முடியாது. வாழ்நாள் முழுக்கப் பகிடி விட்டுத் திரிந்தவன் ஒரு நாள் உண்மை சொன்னால் அதற்கும் சிரிப்புத்தான் கிடைக்கும். ஆகவே அந்தப் பன்னிரண்டாவது வரிக்காகவே இதை எழுதுகிறேன். இருபத்தைந்து வருடம் டோர்ச்சோடு சீவித்தவன் நான். அதில் ஒரே ஒரு நாளின் கதை இது.

ஐம்பத்தாறில் யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஒரு திருத்துகிற கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். ரேடியோவை முதலாளி திருத்துவார். டோர்ச்சை என்னிடம் விட்டார், அதில் நான் கெடுக்கக்கூடிய பாகங்கள் குறைவு என்பதால். பதினான்கு வருடம் அங்கே இருந்தேன். கற்றுக்கொண்டதைச் சொல்லப் பதினான்கு வரி தேவையில்லை. கடைக்கு வரும் எவரும் டோர்ச்சை உடனே என் கையில் தரமாட்டார். உள்ளங்கையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவார். அது சட்டென்று எரியும். “பாத்தீரோ, எரியுது” என்பார். வெளிச்சம் மெல்ல மஞ்சளாகி அணையும். “பாத்தீரோ, அணையுது.” மறுபடி ஒரு தட்டு. எரிவதும் அணைவதும் எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. பதினான்கு வருடம் வாய் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

பிறகு வெளிநாட்டுச் சாமான் வருவது சுருங்கிய காலம் வந்தது. உடுவிலுக்கு அருகே தகரக் கூரை போட்ட ஒரு சின்னத் தொழிற்சாலை டோர்ச் செய்யத் தொடங்கியது. பதினைந்து பேர் வேலை செய்தோம். என்னைப் பரிசோதகர் என்று எடுத்தார்கள். பெயரைக் கேட்டு என் மனைவி எதிரில் நின்று கும்பிட்டாள். ஆனால் சுவிச்சைத் தள்ளிப் பார்ப்பதுதான் வேலை என்று அறிந்ததும் கையைக் கீழே போட்டுவிட்டாள்.

எங்கள் மனேஜர் ஐயா புகையிரதப் பகுதியில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெள்ளை லோங்ஸ், வெள்ளைச் சேட்டு, கையில் குடை. எவரையும் “நீர்” என்றுதான் விளிப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடும். “உமக்கு நேரம் இருந்தால் இதை ஒருக்கால் பாரும்” என்று அவர் சொன்னால் அன்றைக்கு என் கதை முடிந்தது என்று அர்த்தம்.

பரிசோதனைக்கு அவர் ஒரு முறை வகுத்திருந்தார். காலையில் அவருடைய மேசை லாச்சியைத் திறந்து, ஒரு சோடி புதுப் பற்றரியை எடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு என்னிடம் தருவார். பற்றரி கிடைக்காத காலம். கடையில் வந்தால் வந்த அன்றே முடிந்துவிடும். ஆகவே அந்த ஒரு சோடியையே எல்லா டோர்ச்சிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். சுவிச்சை இருபது தரம் தள்ள வேண்டும். சாக்குத் தொங்கவிட்டு இருட்டாக்கிய அறையின் கடைசிச் சுவரில் கரியால் ஒரு வட்டம் கீறியிருக்கும். வெளிச்சம் அதற்குள் அடங்க வேண்டும். இடுப்பு உயரத்திலிருந்து மணல் மூட்டையில் போட வேண்டும். வாளித் தண்ணீரில் ஒரு தரம் முக்க வேண்டும். முதல் நாள் முக்கும்போது என் சேட்டுப் பையிலிருந்த வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் வாளிக்குள் போய், ஒன்பது டோர்ச் சிவப்பாக வெளியே வந்தன. “புது நிறமோ?” என்று மட்டும் மனேஜர் கேட்டார்.

கடைசிச் சோதனை அவருடையது. டோர்ச்சைக் காதோடு வைத்து மெல்லக் குலுக்குவார். உள்ளே பற்றரி கடகடவென்று ஆடினால் கழித்துவிட இடது பக்கம் வைப்பார். ஆடாவிட்டால் வலது பக்கம். “ஆடுற சாமான் கெதியிலை கழண்டு போகும்” என்பார். எங்களுடைய குழாயோ சற்று அகலம். தகடு வளைக்கிற அச்சு அப்படி. ஆகவே பத்தில் நாலைந்து இடது பக்கம் போய்ச் சேரும். தகடு வளைப்பவர்கள் என்னை முறைப்பார்கள், குலுக்கியது என்னவோ நான் என்பதுபோல.

அந்த நாட்களில் சனங்களுக்கு என்ன டோர்ச் வேண்டும் என்று கேட்டு வர என்னைக் கொப்பியோடு அனுப்பினார் மனேஜர். புத்தூரில் ஒரு வெங்காயத் தோட்டக்காரர், இரவில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறும்போது இரண்டு கையும் மண்வெட்டியில் இருக்கும், கழுத்தில் தொங்க வேண்டும் என்றார். உடுப்பிட்டியில் ஒரு வாத்தியார், கோயிலுக்குக் கொண்டு போனாலும் பார்வைக்கு வடிவாய் இருக்க வேண்டும் என்றார். எங்கள் பக்கத்து அரசாங்க மருத்துவிச்சி பரிமளம் மிஸி, “பல்லாலை கடிச்சுப் பிடிக்கக்கூடியதாய் இருக்க வேணும். பிள்ளை பிறக்கேக்கை எனக்கு மூண்டாங்கை இல்லை” என்றார். உடுப்பிட்டியைத் தாண்டி வடக்குக் கடற்கரையில் குணம் அண்ணையிடம் கேட்டேன். சொந்த வள்ளம் வைத்திருக்கும் கடற்றொழிலாளி. உப்புத் தண்ணீர் பட்டால் அணையக்கூடாது, அவ்வளவுதான் என்றார்.

எல்லோருக்கும் பொதுவாக ஒன்று இருந்தது. விலை குறைவாய் இருக்க வேண்டும். கொப்பி நிறைந்தது. குழாய் அப்படியே ஆடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அது வந்ததற்குப் பதிலாக நான் ஒரு கிழமை பட்டினி கிடந்திருக்கலாம். சவர்க்காரப் பெட்டி மட்டையை அளவாக வெட்டி, சுருட்டி, குழாய்க்குள் செருகினேன். புதுப் பற்றரி அதற்குள் சேட்டுக் கைக்குள் கை போவதுபோல் போயிற்று. குலுக்கினேன். ஒரு சத்தமும் இல்லை. மனேஜரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். காதோடு வைத்தார். குலுக்கினார். மற்றக் காதில் வைத்துக் குலுக்கினார்.

“உம்முடைய வேலையோ?”

“ஓம் ஐயா.”

“நல்லது.”

நாலு வருடத்தில் அவர் என்னைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தரம். வீட்டுக்குப் போகும் வழியில் சைக்கிளை விட்டு இறங்கி நின்று, அந்தச் சொல்லை நானே எனக்கு இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன்.

மட்டை போட்ட முதல் டோர்ச்சைப் பரிமளம் மிஸிக்குக் கொடுத்தோம். இருபத்துநாலு, வடக்குக் கடற்கரைக் கடைக்குப் போயிற்று. நானே கொண்டுபோனேன். குணம் அண்ணை வலை தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் கடலுக்குக் கொண்டுபோகும் மண்ணெண்ணெய் அரிக்கன் லாம்பு கிடந்தது. அவருடைய காதோடு வைத்துக் குலுக்கிக் காட்டினேன்.

“கேளுங்கோ அண்ணை. மூச்சுக் காட்டாது.”

“மூச்சுக் காட்டாததை நான் எப்பிடித் தம்பி நம்பிறது? வள்ளமும் கதைக்கும், கடலும் கதைக்கும்.”

“உப்பிடிச் சொல்லாதையுங்கோ. இது இருந்தால் உந்த அரிக்கன் லாம்பு தேவையே இல்லை. வீட்டிலை வைச்சிட்டுப் போங்கோ.”

அவர் சிரித்துவிட்டு இரண்டு வாங்கினார். ஒன்று வள்ளத்துக்கு, ஒன்று கரையில் நிற்கும் மனைவி பூமணி அக்காவுக்கு. நான் அன்றைக்குச் சாப்பாட்டில் ஒரு பிடி கூடச் சாப்பிட்டேன்.

நாலாம் நாள் மத்தியானம், பன்னிரண்டு மணி தாண்டி, பரிமளம் மிஸி சைக்கிளை என் மேசைக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தினார்.

“இஞ்சை வாரும். உம்மடை டோர்ச்சை ஒருக்கால் திறவும் பாப்பம்.”

மூடியைக் கழற்றிக் கவிழ்த்தேன். பற்றரி வரவில்லை. மேசையில் தட்டினேன். வரவில்லை. ஆணியால் நெம்பினேன், ஆணி வளைந்தது.

“நேற்றுப் பின்னேரம் ஒரு வீட்டிலை பல்லுக்குள்ளை வைச்சுக்கொண்டு நிக்கிறன், அணைஞ்சு போச்சுது. வாயிலை சவர்க்கார மணம் மட்டும் இருந்தது. ரண்டு குப்பி லாம்பைப் பிடிச்சுக்கொண்டு வேலையை முடிச்சன். பிள்ளை வெளிச்சம் பாத்து வாற பிள்ளை இல்லை. அதாலை நீர் தப்பினீர்.”

“தாயும் பிள்ளையும் சுகமோ மிஸி?”

“சுகம். உமக்குத்தான் சுகமில்லைப் போலை கிடக்கு. ஏன் வேர்க்குது?”

“பற்றரி புதிசோ?”

“ஆர் இந்த ஊரிலை புதுப் பற்றரி கண்டது? எல்லாரையும் போலை ஓட்டிலை வெயிலுக்குக் காயவைச்சு எடுத்ததுதான்.”

அந்த இடத்திலேயே கதிரையைத் தேடி உட்கார்ந்தேன். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். களைத்த பற்றரியை வெயிலில் போட்டால் இன்னும் இரண்டு மூன்று நாள் எரியும் என்று எல்லோரும் போடுவார்கள். என் மனைவி வடகத்துக்குப் பக்கத்தில் பாயில் பரப்புவாள். காகம் வராமல் காவல் இருந்து, வடகத்தோடு சேர்த்துப் பற்றரியையும் திருப்பிப் போடுவது ஞாயிற்றுக்கிழமைகளில் என் பொறுப்பு. அப்படிக் காய்ந்த பற்றரி உடம்பு பெருத்துத்தான் இருக்கும். அது எனக்கு விரல் நுனியில் தெரியும். தெரிந்துகொண்டே திங்கட்கிழமை தொழிற்சாலைக்கு வந்து, லாச்சியிலிருந்து வந்த புதுச் சோடியைப் போட்டுச் சோதித்து, “சரி” என்று கையெழுத்து வைத்திருக்கிறேன். அந்தக் குடாநாட்டில் ஒருவரிடமும் இல்லாத பற்றரிக்கு நான் டோர்ச் செய்திருக்கிறேன்.

வீங்கிய பற்றரியை விரலால் அழுத்தி உள்ளே தள்ளினால் முதலில் எரியத்தான் செய்யும். பிறகு டோர்ச் ஒருமுறை அதிர்ந்தால் பற்றரி பல்ப்பை விட்டு ஒரு நூல் பின்னுக்குப் போகும். குழாய் அகலமாய் இருந்தால் அடியிலுள்ள ஸ்பிரிங் அதைத் திரும்ப முன்னே தள்ளிவிடும். மட்டை இறுக்கிப் பிடித்திருந்தால் தள்ள முடியாது. கடல் ஈரத்தில் மட்டையும் ஊறிப் பெருக்கும். பிறகு எந்தச் சுவிச்சைத் தள்ளி என்ன?

மனேஜர் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டோர்ச்சை வாங்கிக் காதோடு வைத்துக் குலுக்கினார். சத்தம் இல்லை. மெல்லக் கீழே வைத்தார்.

“எத்தினை போனது?”

“கடற்கரைக்கு இருபத்துநாலு ஐயா. மற்றதெல்லாம் இஞ்சை கிடக்கு.”

“எத்தினை மணிக்கு அவை கடலுக்குப் போவினம்?”

“நாலரை, அஞ்சு.”

அவர் குடையை எடுத்தார். “நீண்ட குறடு ரண்டு எடும். காரிலை ஏறும்.”

மட்டைக்குப் பிறகு நான் செய்த இரண்டாவது பிழை அவருடைய பழைய காரில் ஏறியதுதான். புகையிரதத்தில் இருந்த மனிதன், தெருவையும் தண்டவாளம் என்று நினைத்து ஓட்டினார். ஒவ்வொரு சந்தியிலும் நிறுத்தி, இடம் பார்த்து, வலம் பார்த்து, மறுபடி இடம் பார்த்து எடுப்பார். புத்தூர்ச் சந்தியில் ஒரு மாட்டு வண்டிக்கு வழி விட்டார். அந்த வண்டி நின்று கொண்டிருந்தது. வண்டிக்காரர் கையைக் காட்டிப் “போங்கோ” என்றார். “இல்லை, நீர் முதல் போம்” என்றார் மனேஜர். மாடு வைக்கோல் தின்றுகொண்டிருந்தது.

“ஐயா, கொஞ்சம் கெதியாய்ப் போகேலாதோ?”

“கெதியாய்ச் செய்ததாலைதான் இப்ப போறம்” என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயம்.

மரமில்லாத வல்லை வெளியில் காற்று எதிரே அடித்தது. ஐப்பசி தொடங்கியிருந்தது. வாடை இன்னும் நிலைக்கவில்லை, ஆனால் வடக்கே மேகம் கறுத்திருந்தது. குனிந்து மிதித்துக்கொண்டு வந்த ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்திப் போனார். போகும்போது கார் பழுதோ என்று கேட்டார். நான் கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். என் மடியில் கிடந்த குறடு இரண்டும் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தன. 

கடற்கரைக்கு மூன்றே முக்காலுக்கு வந்து சேர்ந்தோம். கடைக்காரர் குரல் கொடுத்ததும் சனம் டோர்ச்சோடு கூடியது. மனேஜர் கவிழ்த்துப் போட்ட ஒரு தோணியின் மேல், வெள்ளை லோங்ஸோடு, கைக்குட்டைகூட விரிக்காமல் உட்கார்ந்தார். நான் மூடியைக் கழற்றிக் கொடுக்க, அவர் குறட்டால் மட்டையைப் பிடுங்கிப் பற்றரியைத் திரும்பப் போட்டுக் கொடுத்தார். மட்டைச் சுருள்கள் மணலில் குவிந்தன. ஏழு டோர்ச்சுகள் ஏற்கெனவே இறுகிச் செத்திருந்தன.

“நல்லாய்த்தானே எரிஞ்சது. ஏன் ஐயா குடலை உருவிறியள்?” என்று ஒருவர் கேட்டார்.

“எங்கடை பிழை” என்றார் மனேஜர். என்னுடைய பிழை என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாய் இருந்திருக்கும்.

இருபத்திரண்டு முடிந்தது. இருபத்துமூன்றாவதைப் பூமணி அக்கா கொண்டுவந்து நீட்டினார்.

“அண்ணை எங்கை?” என்றேன்.

“அவரும் என்ரை தம்பியும் மத்தியானமே போயிட்டினம். நேற்று விட்ட வலை தூரத்திலை கிடக்கு. இருண்டாப் போலை வருவினம்.”

 மனேஜர் என்னைப் பார்த்தார்.

“நீர் சொல்லும்.”

அந்தக் கரையின் வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். கரைக்கு எட்டத்தில் கடலுக்குள் கற்பார் என்கிற பாறைத் திட்டு நீளமாய் ஓடுகிறது. வள்ளம் உள்ளே வர அதில் ஒரு இடுக்குத்தான் உண்டு. இருட்டில் வருகிறவர்கள் பாருக்கு வெளியே நின்று வெளிச்சம் காட்டுவார்கள். வீட்டு ஆள் கரையில் நட்ட கம்பத்தடியில் நின்று, அந்த வெளிச்சம் இடுக்குக்கு நேரே இருக்கிறதா என்று பார்த்து, தன் டோர்ச்சை வலமாகவோ இடமாகவோ வீசுவார். நேரே வந்ததும் மேலும் கீழும் ஆட்டுவார். வள்ளத்தில் வெளிச்சம் இல்லாவிட்டால் கரையால் ஒன்றும் சொல்ல முடியாது. காற்று இல்லாத நாளில் விடியும்வரை வெளியே நிற்கலாம். அன்றைக்குக் காற்று ஏறிக்கொண்டிருந்தது.

சொன்னேன். மட்டையைச் சொன்னேன், பற்றரியைச் சொன்னேன். சொல்லும்போது என் கை தானாகவே டோர்ச் குலுக்குகிற மாதிரிச் செய்துகொண்டிருந்தது. பூமணி அக்கா கடலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“அரிக்கன் வீட்டிலைதான் கிடக்கு” என்றார். “கொண்டு போங்கோ எண்டு நான் எடுத்துக் குடுத்தனான். தேவையில்லையாம், நீர் சொன்னனீர் எண்டு திருப்பித் தந்தவர்.”

 என்னிடம் அந்த நேரம் ஒரு பகிடியும் இல்லை. வாழ்நாளில் அப்படி ஒரு வெறுமையை நான் கண்டதில்லை.

“நாங்கள் போவமோ?” என்று மனேஜரிடம் கேட்டேன். எதற்கு அப்படிக் கேட்டேன் என்று இன்றைக்கும் விளங்கவில்லை. ஓடிப்போக நினைத்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

பூமணி அக்காதான் பதில் சொன்னார். “போகாதையும் தம்பி. இஞ்சை நில்லும். அவர் வந்தால் நீர்தான் முகத்திலை முழிக்க வேணும்.”

மற்ற வள்ளக்காரர்கள் வானத்தைப் பார்த்துவிட்டு அன்றைக்குக் கடலுக்கு இறங்கவில்லை. ஆறு மணிக்குச் சூரியன் மேகத்துக்குள்ளேயே இறங்கிற்று. ஆறரைக்குக் கம்பம் தெரியாமல் போயிற்று. இரண்டு பேர் ஒரு வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போய்ப் பார்க்க முயன்று, அலை திருப்பி விட, நனைந்து வந்தார்கள். பூமணி அக்கா கம்பத்தடியில் நின்று டோர்ச்சை அடித்தார். அடித்து, ஒரு மூச்சு பொறுத்து, மறுபடி அடித்தார். கடலில் ஒன்றும் இல்லை. வெளிச்சம் மெல்ல மஞ்சளானது. மனேஜர் தன் பையிலிருந்து இரண்டு பற்றரி எடுத்து நீட்டினார். அது லாச்சிச் சோடி. வரும்போதே எடுத்து வைத்திருக்கிறார். இருட்டிலேயே மாற்றிக் கொடுத்தார். 

ஏழு மணி இருக்கும். பாருக்கு அப்பால் ஏதோ மினுங்கிற்று.

“கடல் மின்னுது” என்றார் பக்கத்தில் நின்றவர். “காத்துக்கு உப்பிடித்தான் நுரை மின்னும்.”

மறுபடி மினுங்கிற்று. சட்டென்று வெள்ளையாய் எழுந்து, மஞ்சளாகி, அணைந்தது. கொஞ்ச நேரம் இருட்டு. மறுபடி சட்டென்று வெள்ளை, மஞ்சள், இருட்டு.

 நுரையை எனக்குத் தெரியாது. கடலையும் தெரியாது. அந்த வெளிச்சத்தைத் தெரியும். பதினான்கு வருடம் என் மேசைக்கு முன்னால் நின்று “பாத்தீரோ, எரியுது, பாத்தீரோ, அணையுது” என்று எனக்குக் காட்டிய வெளிச்சம் அது.

“அக்கா, அது அவர்தான். டோர்ச்சைத் தட்டுறார். ஒரு தட்டுக்கு ஒருக்கால் எரியும்.”

“வடிவாய்த் தெரியுமோ?”

“வேறை ஒண்டும் எனக்குத் தெரியாது அக்கா. உது தெரியும்.”

பூமணி அக்கா அதற்குமேல் கேட்கவில்லை. கம்பத்தோடு முதுகை ஒட்டி நின்று, அடுத்த மினுக்கத்துக்குக் காத்திருந்தார். வந்தது. இடுக்குக்கு மிகவும் கிழக்கே. டோர்ச்சை மேற்கே வீசினார். இருட்டு. நான் மனதுக்குள் எண்ணினேன். ஒன்பது வரை எண்ணிவிட்டேன், வெளிச்சம் இல்லை. பத்து. பன்னிரண்டு. கேட்காது என்று தெரிந்தும் “தட்டுங்கோ அண்ணை, இன்னும் ஓங்கித் தட்டுங்கோ” என்று வாய்விட்டே சொன்னேன். பதினாலில் ஒரு மினுக்கம், கொஞ்சம் மேற்கே. பூமணி அக்கா மறுபடி வீசினார். அப்படி எத்தனை தரம் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு இருட்டிலும் நான் ஒரு நேர்த்தி வைத்தேன். வைத்ததெல்லாம் நிறைவேற்றியிருந்தால் இன்றைக்கும் மொட்டைத் தலையோடுதான் திரிவேன்.

கடைசியில் பூமணி அக்காவின் கை மேலும் கீழும் ஆடிற்று. வள்ளம் பாரைத் தாண்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அடி மணலில் உரசுகிற சத்தம்.

பூமணி அக்காவின் தம்பி வள்ளத்தைப் பிடித்துக்கொள்ள, குணம் அண்ணை இறங்கி வந்தார். அவருடைய வலது உள்ளங்கை வீங்கி இருந்தது. கை தாங்காமல் போகவே வள்ளத்தின் விளிம்பில் அடித்திருக்கிறார். டோர்ச்சின் தலை நெளிந்து, கண்ணாடி கீறி இருந்தது. மனைவியைப் பார்த்தார். பூமணி அக்கா துவாயை நீட்டினார். அண்ணை முகத்தைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“தம்பி, மூச்சுக் காட்டாது எண்டனீர்.”

“ஓம் அண்ணை.”

“அடிச்ச அடியிலை காட்ட வைச்சிட்டன்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.  மனேஜர் முன்னே வந்து அந்த டோர்ச்சை வாங்கி, குறட்டால் பற்றரியையும் மட்டையையும் பிடுங்கி, பற்றரியை மட்டும் திரும்பப் போட்டார். “இதை எனக்குத் தாரும். புதுசு ஒண்டு தாறன்” என்றார்.

குணம் அண்ணை அதைத் தன் காதோடு வைத்துக் குலுக்கினார். உள்ளே பற்றரி கடகடவென்று ஆடிற்று.

“வேண்டாம் ஐயா. இப்பதான் ஆள் கதைக்குது” என்று சொல்லி இடுப்பில் செருகிக்கொண்டார். பூமணி அக்கா அப்போது அரிக்கன் லாம்பை வள்ளத்துக்குள் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டிருந்தார். அடுத்த நாள்வரை பொறுக்கவில்லை.

இரவு மனேஜர்தான் காரைத் திரும்ப ஓட்டினார். புத்தூர்ச் சந்தியில் ஒரு வாகனமும் இல்லை. நிறுத்தி, இடம் பார்த்து, வலம் பார்த்து எடுத்தார். என்னை வீட்டு வாசலில் இறக்கும்போது, “உமக்கு நேரம் இருந்தால் நாளைக்கு ஒரு காரியம் செய்யும். உம்மடை வீட்டிலை காயிற பற்றரியிலை ஒரு சோடி கொண்டு வாரும். இனி அதாலைதான் சோதனை” என்றார். என் மனைவி அன்றிரவு வடகம் வேண்டுமானால் ஒரு பை தருகிறேன், பற்றரி தரமாட்டேன் என்று நின்றாள். காலையில் திருடித்தான் கொண்டுபோனேன்.

மறுநாள் அவர் வழக்கம்போல் என் மேசைக்கு வந்தார். முதல் டோர்ச்சை எடுத்துக் காதோடு வைத்துக் குலுக்கினார். கடகடவென்றது. வலது பக்கம் வைத்தார். தகடு வளைப்பவர்கள் தலையை நிமிர்த்தினார்கள். அடுத்தது ஆடிற்று, வலது பக்கம். ஏழாவதோ எட்டாவதோ சத்தம் காட்டவில்லை. அதை மறுபடி குலுக்கினார். மற்றக் காதில் வைத்துக் குலுக்கினார். என் பக்கம் திரும்பாமல், அதை மெல்ல இடது பக்கம் தள்ளி வைத்தார்.

தொழிற்சாலை மூடும்வரை அந்த முறை மாறவில்லை. போன கிழமை யோகன் தன் புது டோர்ச்சைக் கொண்டுவந்து காட்டினான். தூரம் அடிக்கிறது, உருளவில்லை, வளையமும் இருக்கிறது. காதோடு வைத்துக் குலுக்கினேன். ஒரு சத்தமும் இல்லை. அவன் பெருமையோடு சிரித்தான்.  மூடியைக் கழற்றிப் பற்றரியை வெளியே எடுத்து, விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்த பிறகுதான் என்னால் அதைத் திருப்பிக் கொடுக்க முடிந்தது.

யோகன், பன்னிரண்டாவது வரியில் நீர் கீறிய கோடு அப்படியே இருக்கட்டும். அதற்குக் கீழே அதையே மறுபடி எழுதிவிடும்.